திருச்சி மலைக்கோட்டையின் பழைய படத்தைத் திருச்சியிலேயே மாட்டுங்கள்

பெறுநர்: தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறை, திருச்சிராப்பள்ளி மாநகராட்சி.

பொருள்: மலைக்கோட்டையின் 1858-ஆம் ஆண்டு ஒளிப்பட அச்சின் பிரதியை ஊரில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். 1858-இல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் சம்பளத்தில் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, மலைக்கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் படமெடுத்தார். அந்தத் தொகுதியில் மலை முழுதாகத் தெரியும் படம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை வண்ணம் பூசாமல், ஓரத்தை வெட்டாமல், தரமான அச்சாக எடுங்கள். உண்மையான விளக்கக் குறிப்போடு இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று, ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகம். மற்றது, பழைய கோட்டை வாசலான மெயின்கார்டு கேட்டுப் பக்கம், நின்று மலையை அண்ணாந்து பார்க்க முடிகிற ஏதாவதொரு பொது இடம். கோரிக்கை இவ்வளவுதான். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், திறப்பு விழாப் பந்தலும் வேண்டாம்.

நான் இந்த ஊரில் ஒளிப்பட அச்சுத் தொழிலில் இருப்பவன். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் சுவரில் படம் தொங்கினாலும் முதலில் ஃபிரேமின் மூலையைப் பார்ப்போம், பிறகு காகிதத்தைப் பார்ப்போம், கடைசியில்தான் படத்தைப் பார்ப்போம். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த எரிச்சலும் இந்த மடலில் கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மலைக்கோட்டையின் 'பழைய படம்' தொங்காத வரவேற்பறை குறைவு. தங்கும் விடுதியில் இருக்கிறது, பல் மருத்துவர் அறையில் இருக்கிறது, நகைக்கடை மாடிப்படியில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு நிறம். அது காலத்தால் வந்த பழுப்பல்ல, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் பழுப்பு. ஓர் அலுவலகத்தில் இரண்டடி அகலப் படம் ஒன்று. கீழே தங்க நிற எழுத்தில் 'திருச்சி மலைக்கோட்டை – 1790' என்று போட்டிருந்தது. 1790-இல் உலகத்தில் எந்த ஊரிலும் ஒளிப்படம் கிடையாது. தாகேர் கண்டுபிடித்த ஒளிப்பட முறையைப் பாரிஸில் அறிவித்ததே 1839-இல்தான். அது போகட்டும், அந்தப் படத்தின் ஓரத்தில் லூர்து மாதா கோயிலின் கூர்ங்கோபுரம் துல்லியமாகத் தெரிகிறது. அந்தக் கோயில் எழுந்தது 1890-களில். அதை ஒட்டிய தூய வளனார் கல்லூரியே நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு இடம் மாறியது 1883-இல். ஆகவே அது பிந்தைய காலத்து அஞ்சலட்டைப் படம் ஒன்றைப் பெரிதாக்கியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுட்டிக்காட்டியபோது, "பார்க்கப் பழசாகத்தானே சார் இருக்கிறது" என்றார்கள்.

இந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு மாணவி அந்தச் சுவரிலிருந்து 1790 என்று எழுதிக்கொண்டு போனால் அவளைத் திருத்த ஊரில் என்ன இருக்கிறது? சரியான தேதியோடு, எடுத்தவர் பெயரோடு, பொது இடத்தில் ஒரே ஒரு நல்ல அச்சு இருந்தால் போதும். மற்றதையெல்லாம் அதை வைத்து அளந்துவிடலாம். லூர்து மாதா கோபுரம் தெரிந்தால் படம் 1890-களுக்குப் பிந்தியது. அது இல்லாமல், தெப்பக்குளத்தருகே ஷ்வார்ட்ஸ் பாதிரியார் 1766-இல் கட்டிய கிறிஸ்து ஆலயம் மட்டும் தெரிந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். இப்படிப் படிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அரை மணி நேரம் போதும்.

இனி ட்ரைப். 1822-இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்து, கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1854-இன் கடைசியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855-இல் கவர்னர் ஜெனரலின் தூதுக்குழுவோடு பர்மாவின் அவா அரசவைக்குப் போனார். 1856-இல் சென்னை மாகாண அரசு அவரைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றி 1858-இன் வேனிலில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தார். வடக்கே கலகத்தின் தீ இன்னும் அணையவில்லை. தெற்கே ஒரு படைக் கேப்டன் மாட்டு வண்டிகளில் கேமராவையும் மருந்துகளையும் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருக்கிறார். அழியக்கூடியவற்றை அழியுமுன் பதிவு செய் என்பது அவருக்கு இட்ட வேலை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கியவர் இவர்தான். கல்வெட்டைப் படிக்கத் தெரியாத மனிதர் ஓர் எழுத்தும் விட்டுப்போகாமல் நகர்ந்து நகர்ந்து எடுத்திருக்கிறார். அந்தப் பொறுமைக்கு இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒரு கும்பிடு.

அவர் காலத்து வேலை முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், விளக்கக் குறிப்பில் இது வர வேண்டும். அப்போது ஃபிலிம் இல்லை. மெல்லிய காகிதத்துக்கு மெழுகு ஏற்றி, ஒளி ஊடுருவும்படி செய்து, அயோடின் சேர்ந்த உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பிறகு வெள்ளி நைட்ரேட்டில் நனைத்தால் அது ஒளியை உணரும். கண்ணாடித் தகட்டு முறையில் ஈரம் காயுமுன் படம் எடுத்தாக வேண்டும். மெழுகுத் தாளை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம். பயணக்காரருக்கு அது பெரிய வசதி. நம் வெயிலில் அதற்கும் தனித் தொல்லைகள் உண்டு, மெழுகு என்பது மெழுகுதானே. ட்ரைப்பின் நெகட்டிவ்கள் ஏறக்குறைய 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். பெரிதாக்கும் கருவி அவர் வண்டியில் கிடையாது. முட்டை வெண்கரு பூசிய தாளை நெகட்டிவோடு ஒட்டவைத்து, வெயிலில் காட்டி, தங்க உப்புக் கரைசலில் நிறமேற்றி அச்செடுத்தார்கள். நெகட்டிவ் எவ்வளவோ அச்சும் அவ்வளவு. அதனால்தான் அந்த அச்சுகளில் பாறையின் வெடிப்பும் கல் அடுக்கின் இடுக்கும்கூட நிற்கின்றன. பாறையின் இருட்டுக்குள்ளேயே பல இருட்டுகள் தெரியும். இன்றைய ஃபிளெக்ஸ் அச்சில் இவை எல்லாம் ஒரே கறுப்பாகக் குழம்பிவிடும் என்பதைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்.

அந்தக் காகிதம் நீல நிறத்துக்கு அதிகமாக எதிர்வினை செய்யும். நீல வானம் அச்சில் வெறும் வெள்ளையாக விழும். ட்ரைப் அதைச் சகிக்கவில்லை. நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டினார், மரங்களின் இலைப்பரப்பையும் தொட்டுத் திருத்தினார். இதையும் குறிப்பில் மறைக்காமல் எழுதுங்கள். பழைய படம் என்றாலே அப்பட்டமான உண்மை என்று நம்புகிறவர்களுக்கு 1858-இன் மேகம் கையால் வரைந்த மேகம் என்று தெரியட்டும். இன்னொன்று, அவர் படங்களில் தெருக்கள் பெரும்பாலும் ஆளில்லாமல் கிடக்கும். ஊர் காலியாக இருந்ததென்று பொருளல்ல. லென்ஸ் நெடுநேரம் திறந்திருந்ததால், நடந்து போனவர்கள் யாரும் தாளில் பதியவில்லை. அசையாமல் நின்றவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். பெரிய கடைவீதியும் சின்னக் கடைவீதியும் வெறிச்சோடி இருந்த காலம் என்று ஒன்று உண்டா என்ன? ஆளில்லாத கோட்டை, ஆளில்லாத கோயில், ஆளில்லாத குளம் என்று அந்தக் கால ஆங்கிலேயர்களின் பார்வையில் நம் ஊர்கள் இடிபாடுகளாகவே தெரிந்ததற்கு இந்த மெழுகுத் தாளும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இது வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தனிச் சாதனை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். பணம் மாகாணக் கருவூலத்தினுடையது, அதாவது இங்கே வசூலான வரி. ட்ரைப்பிடம் வேலை கற்ற ஐயாசாமி என்பவர் பின்னர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஒளிப்பட வேலையைத் தொடர்ந்தார். நம் தொழிலில் பெயர் தெரிந்த முதல் தலைமுறைத் தமிழர்களில் அவர் ஒருவர். அவர் பெயரைத் திருச்சியில் எங்கும் நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர், திருவையாறு படத்தொகுதிக்கு விளக்கக் குறிப்பு எழுதியவரோ ஜி.யு.போப், பிற்காலத்தில் குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே போப் ஐயர்தான்.

இத்தனையும் நீண்ட நாள் நடக்கவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், அரசின் நிதி நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று சொல்லி ஒளிப்படப் பிரிவை நிறுத்தினார். 1860-க்குள் கடை கட்டியாயிற்று. 'நிதி இல்லை' என்ற குறிப்போடு இந்த மடலும் திரும்பி வந்தால், அந்தக் குறிப்புக்கு 160 ஆண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு என்று ஆறுதல்பட்டுக்கொள்வேன். ஆனால் இந்த முறை செலவு மிகச் சொற்பம்.

உங்கள் துறைக்கு இதில் தனி உரிமையும் உண்டு. 1851-இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்குள் வைத்துத்தான் ட்ரைப் 1858-இல் அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். அப்போது அவற்றுக்கு எலியட் சலவைக்கற்கள் என்று பெயர். எழும்பூரில் நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் நிறுவனம் அவர் வேலை செய்த இடங்களில் ஒன்று. லண்டனுக்குக் கடிதம் எழுதுமுன் உங்கள் சொந்த நூலகத்தின் அலமாரிகளை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

லண்டன் என்றேன். ட்ரைப்பின் அச்சுகளும் காகித நெகட்டிவ்களும் பெருமளவு அங்கே விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிட்டன், லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி, வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் ஆகியவற்றிலும் அவருடைய அச்சுகள் உண்டு. 2014-இலும் 2015-இலும் அவருடைய இந்திய, பர்மியப் படங்களின் கண்காட்சி வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று மூன்று நகரங்களில் நடந்தது. திருச்சிக்காரன் தன் மலையின் படத்தைக் கண்ணெதிரே பார்க்கக் கடல் தாண்ட வேண்டியிருப்பது, சொந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்க்க அயலூர் மாமா வீட்டுக்கு பஸ் ஏறுவதைப் போன்றது. ஆல்பத்தைத் திருப்பிக் கொடு என்று சண்டை போடுவதல்ல என் நோக்கம். வெண்கரு அச்சு வெளிச்சத்தில் மங்கும், ஈரத்தில் மஞ்சளிக்கும். அவர்கள் இருட்டறையில், குளிரூட்டி, நன்றாகவே பாதுகாக்கிறார்கள். நாம் கேட்க வேண்டியது நல்ல டிஜிட்டல் கோப்பை.

அதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒளிப்படத்துக்கு உரிமைக் காலம் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் வரை வெளியான பிறகு 60 ஆண்டுகள், அதன் பிறகு எடுத்தவர் இறந்த பின் 60 ஆண்டுகள். எப்படிக் கணக்கிட்டாலும் 1858-இல் வெளியான படத்தின் காலக்கெடு நம் தாத்தாக்கள் காலத்திலேயே தீர்ந்துவிட்டது. நான் சொன்ன அமெரிக்க நிறுவனங்கள் மூன்றும் உரிமைக் காலம் கடந்த தங்கள் சேகரிப்புப் படங்களின் கோப்புகளைக் கட்டணமின்றியே தருகின்றன. அரசு அருங்காட்சியகம் ஒன்று தன் முத்திரைத் தாளில் கேட்டால் லண்டனிலும் கதவு திறக்கும். தனிமனிதனாக நான் கேட்பதற்கும் நீங்கள் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

இனிப் படத்தில் தெரியாதவற்றைப் பற்றி. எனக்கு இதுதான் முக்கியம்.

எவ்வளவு நல்ல அச்சாக இருந்தாலும், தொலைவிலிருந்து எடுத்த மலைக்கோட்டைப் படம் கோட்டையைக் காட்டுமே தவிர இடத்தின் வயதைக் காட்டாது. 83 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை, கோட்டை என்ற பேச்சு வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இருந்த இடம். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் பாறைச் சரிவில் சமணர் படுக்கைகள் இருக்கின்றன. அடிவாரத்தில் பாண்டியர் காலத்துக் கீழ்க்குகை. மலைமேல், 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த மேல்குகை. கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன் அங்கே ஒரு சுவர் முழுக்க நிற்கிறான். அந்தச் சிற்பத்தின் இரு பக்கத் தூண்களிலும் மகேந்திரனின் வடமொழிச் செய்யுள்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் கருத்து இது: சிவனுக்கு ஆறுகள் என்றால் ஆசை, கங்கையை ஏற்கெனவே தலையில் வைத்திருக்கிறான், இந்தக் காவிரியின் அழகைக் கண்டால் இவள்மேலும் மனம் போய்விடுமோ என்று பார்வதிக்கு அச்சம், ஆகவே தாய்வீட்டை விட்டு இந்த மலைக்கே வந்து நிலையாகத் தங்கி, இந்த ஆறு பல்லவனின் மனையாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். இன்னொன்றில் சிவனே மன்னனிடம் கேட்கிறான்: தரைக்கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டு வளத்தையும் காவிரியையும் நான் எப்படிப் பார்ப்பேன்? அதற்காக மலைமேல் மாளிகை. காவிரி தெரியும் வீடு வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் சிவபெருமான்தான் போலிருக்கிறது. சோழரின் ஆற்றைப் பல்லவன் தன் மனைவி என்று உரிமை கொண்டாடுகிறான் என்ற அரசியலும் அந்த வேடிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது.

அதே குகையில் தமிழும் உண்டு. வேம்பையர்கோன் நாராயணன் பாடிய சிராமலை அந்தாதியின் 104 பாடல்கள் பாறையில் வெட்டிவைக்கப்பட்டவை. ஓலையில் அழிந்த நூல்கள் எத்தனையோ இருக்க, ஒரு முழுச் சிற்றிலக்கியத்தைக் கல்லில் ஏற்றிய ஊர் இது. திருஞானசம்பந்தர் 'சிராப்பள்ளிக் குன்றுடையான்' என்று பாடியதும் இந்தக் குன்றைத்தான். பின்னாளில் தாயுமானவர் நாயக்கர் அரசில் வேலை பார்த்துக்கொண்டே பாடியதும் இதன் நிழலில்தான். விளக்கக் குறிப்பு 'பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் கட்டிய கோட்டை' என்ற ஒரு வரியோடு முடிந்தால், இவ்வளவும் விட்டுப்போகும். மலையில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் தாயுமானவர் சந்நிதி, உச்சிப்பிள்ளையார், செல்பேசிப் படம், இறக்கம் என்று முடித்துக்கொள்கிறார்கள். மேல்குகையின் பூட்டிய கம்பிக் கதவுக்கு முன்னால் நின்று உள்ளே என்ன என்று கேட்பவர்கள் மிகச் சிலர். குகைகள் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு என்பது தெரியும். அவர்களோடு பேசி, குறிப்பில் குகைகளுக்கு வழி சொல்லும் இரண்டு வரியாவது சேருங்கள்.

கோட்டையின் கதை எல்லோரும் ஓரளவு அறிந்ததுதான், நீட்டவில்லை. மதுரை நாயக்கர்களுக்கு இது சில காலம் தலைநகரம். மங்கம்மாள் ஆண்டதும் இங்கிருந்தே. 1741-இல் மராட்டியர், 1743-இல் நிஜாம், பிறகு 1751 முதல் 1754 வரை, ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்டவர்களில் முகமது அலியின் பக்கம் ஆங்கிலேயரும், சந்தா சாகிபின் பக்கம் பிரெஞ்சுக்காரரும் நின்று மாறி மாறி முற்றுகை. திருச்சியின்மேல் இருந்த நெருக்கடியைத் திசைதிருப்பத்தான் கிளைவ் 1751-இல் ஆற்காட்டுக்குப் படை நடத்தினான். இந்தியாவில் யார் ஆள்வது என்ற கேள்வியின் ஒரு பாதி இந்த மதில்களுக்கு அடியில் தீர்ந்தது என்றால் அது மிகையல்ல.

அந்த மதில்கள் எங்கே? 18-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் அளவு சொல்கிறார்: நீள்சதுரக் கோட்டை, இரட்டை மதில், வெளிமதில் 18 அடி உயரம், உள்மதில் 30 அடி, சமதூரத்தில் வட்டக் கொத்தளங்கள், வெளியே ஏறக்குறைய 30 அடி அகல அகழி. 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். மிஞ்சியவற்றில் ஊரார் வாயில் நிற்பது மெயின்கார்டு கேட். அகழி இருந்த தடத்தில் இன்று மேலப்புலிவார்டு சாலையும் கீழப்புலிவார்டு சாலையும் போகின்றன. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கித் துணிக்கடைக்கு நடக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தாங்கள் ஓர் அகழியைக் கடக்கிறோம் என்று தெரியும்? 'மலைக்கோட்டை' என்று தினமும் சொல்கிறோம். மலை இருக்கிறது, கோட்டை ஒரு வாசலாகச் சுருங்கிவிட்டது. ஓர்மின் அளவுகளையும் ட்ரைப்பின் அச்சையும் இன்றைய நகர வரைபடத்தையும் அருகருகே வைத்து, மதில் ஓடிய தடத்தைத் தெருத்தெருவாகக் குறித்துத் தருவது உங்கள் ஆய்வாளர்களுக்கு அரிய வேலையல்ல. அந்தத் தடத்தை விளக்கப் பலகையில் ஒரு மூலையில் போட்டுவிட்டால், படம் பார்க்கிறவர் திரும்பி நின்று தன் காலடியையும் பார்ப்பார்.

கடைசியாக, வேலையைச் செய்கிற விதம். இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

அருங்காட்சியகத்துக்குள் வைப்பது அமிலமற்ற பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் எடுத்த அச்சாக இருக்கட்டும். மூல அளவிலேயே ஒன்று, பக்கத்தில் நாலடி அகலத்தில் ஒன்று. மூல அளவு அவசியம்; அவ்வளவு சிறிய பொருள் ஒன்றில் எவ்வளவு அடங்கியிருந்தது என்பது அப்போதுதான் புரியும். மேலே லேமினேஷன் வேண்டாம், பளபளப்பு பார்வையைக் கெடுக்கும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் வேண்டாம். எப்போதாவது அசல் அச்சு ஒன்று கடனாகக் கிடைத்தால் அதற்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் ஆகாது. நம் பிரதிக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை.

வெளியே வைப்பது ஃபிளெக்ஸாக இருக்கவே கூடாது. சித்திரை வெயிலில் ஃபிளெக்ஸின் கறுப்பு முதலில் ஊதாவாகும், பிறகு நீலமாகும், ஐப்பசி மழைக்குள் கிழியும். கிழிந்த பிறகு யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்து அதன்மேல் ஏறும். ரயில் நிலையங்களில் அந்தக் காலத்தில் இருந்த எனாமல் பலகைகளை நினைத்துப் பாருங்கள். உலோகத்தில் சுட்டு ஏற்றிய எனாமலில் ஒளிப்படத்தையும் ஏற்றலாம். ஒருமுறை செலவழித்தால் அடுத்த மேயர்கள் பலர் காலத்துக்கும் இருக்கும். உயரம், சக்கர நாற்காலியில் வருகிறவர் கண்ணுக்கும் பள்ளிப் பிள்ளை கண்ணுக்கும் எட்டுகிறபடி. பலகையின்மேல் யாருடைய உருவப்படமும் வேண்டாம்.

வண்ணம் பூசாதீர்கள். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு 'தெளிவாக்க' யாராவது முன்வந்தால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அந்த மென்பொருள்கள் இல்லாத செங்கல்லை அடுக்கும், இல்லாத ஆளை நிறுத்தும், பாறைக்கு யாரும் பார்த்திராத தோல் போர்த்தும். மேகத்தை ட்ரைப் தீட்டினாரே என்று கேட்கலாம். அவர் தீட்டியது 1858-இன் சான்று. நாம் தீட்டுவது வெறும் ஒப்பனை.

விளக்கக் குறிப்பு தமிழில் முதலில் எழுதப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிய குறிப்புகளை நாம் போதுமான அளவு படித்துவிட்டோம். எடுத்தவர் பெயர், ஆண்டு, பணம் யாருடையது, ஐயாசாமியின் பெயர், மெழுகுத்தாள், கையால் தீட்டிய மேகம், பதியாமல் போன மக்கள், மேல்குகைச் செய்யுள், மதிலின் தடம் என்று இத்தனையும் 200 சொற்களுக்குள் அடங்கும். எழுதுகிறவர் மலை ஏறியவராக இருந்தால் நல்லது. கோப்பைப் பள்ளிகளும் இதழ்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி உங்கள் இணையதளத்தில், முழு அளவில், குறுக்கே முத்திரை அடிக்காமல் போடுங்கள். 1790 என்று தங்க எழுத்தில் அச்சடிக்கிறவர்களுக்கும் அது பயன்படும்.

மூல அளவு அச்சையும் நாலடி அச்சையும் நானே கூலி வாங்காமல் போட்டுத் தருகிறேன். காகிதமும் மையும் துறையின் கணக்கில் இருக்கட்டும், தணிக்கைக்கு ரசீது தருவேன். எனாமல் பலகை என் கைக்கு மீறியது, அதற்கு முறைப்படி ஒப்பந்தப்புள்ளி கேளுங்கள். லண்டனுக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தின் வரைவை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். கையொப்பமும் முத்திரையும் மட்டும் உங்களுடையவை.

இப்படிக்கு,
திருச்சிராப்பள்ளியிலிருந்து
ஒளிப்பட அச்சுத் தொழிலாளி ஒருவன்